முதலாம் எண் விண்ணப்பம்

முதலாம் எண்ணை வாசிக்க நோட்டக்காவுக்குக் கண்ணாடி தேவைப்படுவதில்லை. மற்ற எண்களுக்கெல்லாம் கைப்பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து, முந்தானையில் துடைத்து, மூக்கில் மாட்டிக்கொண்ட பிறகுதான் வாய் திறப்பாள். முதலாம் எண் மட்டும் மனப்பாடம். அந்தப் புதன்கிழமை சாயங்காலமும் நோட்டை மடியில் விரித்துவைத்து, கண்ணை மூடியபடியே சொன்னாள். "முதலாவது. குடிக்கு அடிமையாகி, பெற்ற அப்பாவைப் பிடித்துத் தள்ளி மணிக்கட்டை உடைத்து, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போய், பெற்ற தாயின் அடக்கத்துக்குக்கூட வராத என் தம்பி மனந்திரும்ப வேண்டும் என்று." காலை ஐந்து மணியிலிருந்து திறந்திருந்த கண்களை மூடிக்கொள்ள அன்றைக்குக் கிடைத்த ஒரே நியாயமான காரணம் ஜெபம்தான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஒன்பது மணிநேரம் நின்ற பாதங்கள் செருப்புக்குள் வீங்கிக் கிடந்தன. அப்படியே தூங்கிவிடலாம் போலிருந்தது.

நோட்டக்கா என்று பெயர் வந்ததே அந்த நோட்டினால்தான். ஆலயத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறையில் புதன்தோறும் கூடும் பெண்கள் தங்கள் கவலைகளை அவளிடம் சொல்வார்கள். அவள் எண் போட்டு எழுதிக்கொள்வாள். ஒருத்திக்கு முழங்கால் வலி, ஒருத்தியின் மகனுக்கு வேலை, இன்னொருத்தியின் மருமகளுக்குக் குழந்தை. பதில் கிடைத்தால் சிவப்பு மையில் கோடு போட்டு, பின்பக்கம் ஸ்தோத்திரப் பகுதிக்கு மாற்றிவிடுவாள். பதில் வரும்வரை எழுதியதை அழிக்கக் கூடாது என்பது கூட்டத்தை நடத்தும் டீச்சர் கொண்டுவந்த சட்டம். அழித்தால் விசுவாசத்தில் தளர்ச்சி வந்துவிடுமாம். ஆனால் சேர்த்துக்கொள்ளலாம், சேர்ப்பதற்குத் தடையில்லை. வருடம் பிறந்தால் புது நோட்டு. பதில் வராதவையெல்லாம் மூட்டை முடிச்சோடு அதில் குடியேறும். இப்படி முதலாம் எண் பதினோரு நோட்டு கண்டுவிட்டது. முதல் நோட்டில் அது 'தம்பி திரும்பி வர' என்று மூன்றே சொல்லாக இருந்தது. அடுத்த வருடம் குடி சேர்ந்தது. அதற்கடுத்த வருடம் அப்பாவின் மணிக்கட்டு. நான்காம் வருடம் அம்மா இறந்தபோது அடக்கம். அழைப்பிதழில் பெரிய மனிதர்களுக்குப் பட்டங்கள் சேர்வதுபோல, தம்பிக்கு முன்னால் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்துகொண்டன.

எல்லோரும் "ஆமென்" என்றார்கள். அதில் ஓர் ஆண் குரல் கலந்திருந்தது. புதன்கிழமைக் கூட்டத்துக்கு ஆண் வருவது மாமியார் மெச்சிய மருமகளைப் பார்ப்பது மாதிரி, அபூர்வம். நோட்டக்கா கண்ணைத் திறந்தாள். கதவோரத்து நாற்காலியில் ஒருவன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. அரைக்கைச் சட்டை, மடியில் ஒரு துணிப்பை. முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவன் கையைப் பார்த்துவிட்டாள். இரண்டு கட்டைவிரலையும் உள்ளங்கைக்குள் மடக்கிவைத்திருந்தான். சின்ன வயதில் அப்பாவிடம் அடி வாங்கக் காத்திருக்கும்போது தம்பி அப்படித்தான் வைத்துக்கொள்வான்.

எப்போது வந்தான்? அவள் வாசிக்க ஆரம்பிப்பதற்கு முன்னால்தான் வந்திருக்க வேண்டும். தன்னைப் பற்றிய விண்ணப்பம் முழுவதையும் கேட்டுவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து அவனும் ஆமென் சொல்லியிருக்கிறான். நோட்டக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டாவது எண்ணைப் பார்த்தாள். எழுத்து நிற்கவில்லை. தையல்காரம்மாவின் முழங்கால் வலியை இரண்டு தடவை வாசித்தாள்.

கூட்டம் முடிந்ததும் அவன் வெளியே போய், கைகழுவுகிற குழாயருகே ஒதுங்கி நின்றான். இவளுக்கு நோட்டைப் பைக்குள் வைக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று.

"அக்கா" என்றான்.

"எப்படா வந்த?"

"மத்தியானம். நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். இன்னைக்குப் புதன்கிழமை, வேலை முடிஞ்சதும் இங்கதான் போவாங்கன்னு சொன்னாங்க."

குடி வாடை இல்லை. அதைத்தான் முதலில் கவனித்தாள். சோப்பு வாடையும் பஸ் பயணத்தின் தூசியும்தான் இருந்தன. அவள் அடுத்த வார்த்தையைத் தேடுவதற்குள் டீச்சர் வந்துவிட்டார். டீச்சர் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகிறது. எதிரில் நிற்பவரிடம் வீட்டுப்பாடம் கேட்கிற பார்வை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. யார் என்று கேட்டார். தம்பி என்று இவள் சொன்னதும் கையைத் தட்டினார்.

"முதல் நம்பரா! ஸ்தோத்திரம்! ஏய், எல்லாரும் வாங்க, முதல் நம்பர் வந்திருக்கு!"

செருப்பு மாட்டியவர்களும் மாட்டாதவர்களுமாகப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். தையல்காரம்மா அழுதே விட்டாள். ஆளைப் பார்த்திராத பெண்கள் பதினோரு வருடமாக அழைத்த ஆள் கண்முன்னால் சட்டையும் பேண்டுமாக நின்றால் யாருக்குத்தான் அழுகை வராது? அவன் ஒவ்வொருவருக்கும் கைகூப்பினான். டீச்சர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"வந்தியே, ரொம்ப சந்தோஷம்ப்பா. ஆனா மனசு கேக்கல, கேட்டுடுறேன். பெத்த தாய். உங்க அக்கா ஆள் மேல ஆள் விட்டுச் சொல்லியும் அடக்கத்துக்கு வர மனசு வரலியே உனக்கு?"

நோட்டக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அவன் அவளை ஒரே ஒரு தடவை பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். முதலில் புரியாமல் பார்த்தான், பிறகு புரிந்தது தெரிந்தது, அவ்வளவுதான். டீச்சர் பக்கம் திரும்பினான்.

"தப்புதான் டீச்சர்" என்றான்.

ஆள் மேல் ஆள் விடவில்லை. ஓர் ஆள்கூட விடவில்லை. ஏழு வருடத்துக்கு முன்னால், அம்மா போவதற்கு ஒரு மாதம் முன்பு, அவன் சலவைக்கூடத்துத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஏதோ ஒரு கிட்டங்கியில் மூட்டை இறக்குவதாகச் சொல்லி ஓர் எண் கொடுத்திருந்தான். துணி எண்ணுகிற சீட்டின் பின்னால் அதை எழுதிக் கைப்பையில் வைத்திருந்தாள். எட்டு மாதம் அம்மாவைக் குளிப்பாட்டி, புண் துடைத்து, புரட்டிப் போட்டது இவள். கல்யாணப் பேச்சு தள்ளிப்போய்த் தள்ளிப்போய், ஒருநாள் யாரும் எடுக்காமலே நின்றுபோனதும் இவளுக்குத்தான். கடைசி நாள் அம்மா கண்ணைத் திறந்து இவளை நன்றாகப் பார்த்துவிட்டு, "அவன் வந்தானா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு பேசவில்லை. சாயங்காலம் அம்மா போய்விட்டாள். உடுத்தத் துணி வாங்கக் கைப்பையில் காசு தேடியபோது அந்தச் சீட்டு கைக்கு வந்தது. பார்த்தாள். திரும்பப் பைக்குள் வைத்தாள். அப்பா கேட்டபோது, "சொல்லிட்டேன்பா. வரமாட்டானாம்" என்றாள். இரண்டு வார்த்தை. அதற்குமேல் அவள் எதுவும் செய்யவில்லை. மீதியை ஊரும் உறவும் ஜெபக்கூட்டமும் பார்த்துக்கொண்டன. மூன்று மாதம் கழித்து அவனாகவே கூப்பிட்டபோது, அம்மா போய்விட்டாள் என்று சொன்னாள். அவன் வைத்துவிட்டான். அதோடு சரி.

வீட்டுக்கு இருவரும் நடந்தே போனார்கள். அவளுடைய பையை அவன் வாங்கிக்கொண்டான். மாடிப்படி ஏறும்போது அவள் நின்று மூச்சு வாங்க, அவனும் இரண்டு படி கீழே நின்றான். ஆறு வருடமாக அப்பா அந்த மாடி அறையில்தான் கிடக்கிறார். வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. புத்திக்கு ஒன்றும் இல்லை. காலையில் இவள் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவாள், மத்தியானம் கீழ்வீட்டுக்காரி வந்து கொடுப்பாள், சாயங்காலம் மறுபடி இவள். இரவில் மூன்று தடவை எழுந்து புரட்டிப் போடவேண்டும். கட்டிலுக்குக் கீழேயே பாய் போட்டுப் படுத்துக்கொள்வாள். முழுத் தூக்கம் என்பது அவளுக்கு ஏதோ கேள்விப்பட்ட ஊர் மாதிரி ஆகிவிட்டது.

"அப்பா, யாரு வந்திருக்கா பாருங்க."

அப்பா பார்த்தார். அடையாளம் தெரிந்தது. விழாத இடது கை விரிப்பைப் பிடித்துக்கொண்டது. தம்பி கட்டிலருகே போய் முழங்கால் போட்டு உட்கார்ந்து, "அப்பா" என்றான். அவர் கழுத்தைக் கஷ்டப்பட்டுத் திருப்பி, முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டார். அவ்வளவு தூரம் கழுத்து திரும்பும் என்று நோட்டக்காவுக்கே அன்றைக்குத்தான் தெரியும். தம்பி கால்மணிநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். சுவர் சுவராகவே இருந்தது.

அடுப்படியில் தேநீர் போட்டுக் கொடுத்தாள். அவன் நின்றுகொண்டே குடித்தான். ஆறு மணிநேரப் பயணத் தூரத்தில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறானாம். குடியை விட்டு நாலு வருடம் ஆகிறதாம். எப்படி விட்டாய் என்று கேட்டாள்.

"ஒரு நாள்ல விடலக்கா. விட்டேன், குடிச்சேன், விட்டேன், குடிச்சேன். அங்க ஒரு சபையில ஆளுங்க சலிக்காம வந்து கதவத் தட்டுனாங்க. இப்போ வாரத்துல ஒரு நாள் அந்த சபையைக் கூட்டித் துடைக்கிறது நான்தான்." கொஞ்சம் வெட்கப்பட்டான். "வேன் டிரைவர்னா பிள்ளைங்க வண்டியெல்லாம் மண்ணாக்குவாங்க, துடைச்சுப் பழக்கம்தானே."

"உனக்காகப் பதினோரு வருஷம் ஜெபம் பண்ணியிருக்கேன்" என்றாள். ஏன் அதைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"கேட்டேன்க்கா" என்றான். குத்தல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"அப்புறம் ஏண்டா அங்க சொல்லல? எனக்கு யாரும் சொல்லலன்னு சொல்லவேண்டியதுதானே?"

அவன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். "சொல்லி? அடுத்த புதன்கிழமையும் நீ அந்த இடத்துல உக்காரணும்ல." பிறகு, "நீ சொல்லியிருந்தாலும் நான் எந்தக் கோலத்துல வந்து நின்னிருப்பேனோ. அதை விடு. நான் வந்தது வேற விஷயத்துக்கு. இந்த வாரம் லீவு போட்டு விடுதியில தங்கியிருக்கேன். அடுத்த வாரத்துலேருந்து வெள்ளிக்கிழமை வேன் விட்டதும் பஸ் ஏறிடறேன். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் அப்பா என் பொறுப்பு. வாராவாரம். நீ தூங்கு."

தூங்கு என்ற ஒரு சொல்லுக்கு அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் அவளைப் பாராட்டியிருக்கிறார்கள். பொறுமைசாலி, தியாகி, அப்பாவைக் கண்ணில் வைத்துக் காப்பாற்றுகிறவள். ஒருவரும் தூங்கு என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த அறையில் ஒருவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவனை அவர் தொடவிடப் போவதில்லை. மணிக்கட்டு உடைந்ததை அவர் எப்போதோ மறந்துவிட்டார். அது அவளுக்குத் தெரியும். பேச்சு இருந்த காலத்தில், குடிகாரன் புத்தி, விடு என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் மன்னிக்காதது அடக்கத்துக்கு வராததை மட்டும்தான். அவளுக்கும் அவளுடைய தூக்கத்துக்கும் நடுவில் அவளே போட்ட தாழ்ப்பாள்.

சலவைக்கூடத்தில் அவளுக்கு விரிப்பு மடிக்கிற வேலை. கொதிநீரில் வெந்து, உலர்த்தியில் சுழன்று சூடாக வரும் விரிப்பை எதிரும் புதிருமாக இரண்டு பேர் பிடித்து, உதறி, மூலையோடு மூலை சேர்த்து, நடுவில் வந்து கொடுத்து வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. எதிர்முனையைப் பிடிக்கிறவள் ஒன்பது வருடமாக அதே பெண்தான். வியாழக்கிழமை முழுவதும் மூலை சேரவில்லை.

"என்னக்கா, கையில உயிரே இல்ல? தம்பி வந்ததுக்கு நீங்க குதிக்கணும்" என்றாள் எதிர்முனைக்காரி.

"தூக்கமில்ல" என்றாள். பாதி உண்மை.

விரிப்பை மடித்துக்கொண்டே ஜெபம் பண்ணிப் பார்த்தாள். கை வேலையில் இருக்கும்போது மனதுக்குள் ஜெபிப்பது அவளுக்குப் பழக்கம். கர்த்தாவே, என் தம்பி, என்று தொடங்கினாள். அதற்குமேல் ஓடவில்லை. பழைய பட்டங்களெல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவற்றை ஒதுக்கிவிட்டுச் சொல்ல அவளிடம் ஒன்றுமே இல்லை. பதினோரு வருடமாகச் செய்தது ஜெபம்தானா என்று சந்தேகம் வந்தது. காவல் நிலையத்தில் புகார் கொடுப்பவர்கள்கூட வாரா வாரம் போய் நிற்கமாட்டார்கள். அவன் திரும்பி வரவேண்டும் என்று கேட்டவள், அவன் வராமல் இருக்கும்வரைதான் தான் நல்லவள் என்பதை உள்ளுக்குள் அறிந்தே இருந்தாளா? இந்த வயதில், ஜெபக்கூட்டத்தின் நோட்டையே கையில் வைத்திருப்பவளுக்கு, ஜெபம் பண்ணத் தெரியவில்லை. யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். அவளுக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் போன பிறகு, மடித்த விரிப்புகளின் அடுக்கில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். தெரியல, ஆண்டவரே, என்று மட்டும் வந்தது. பட்டம் இல்லாமல், எண் இல்லாமல் அவள் சொன்ன முதல் ஜெபம் அதுதான்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து போதகரைப் பார்க்கப் போனாள். அவர் ஆலயத்தில் ஒலிபெருக்கிக் கம்பியோடு மல்லாடிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்; காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு திரிவது ஒன்றுதான் குறை.

"வாங்கம்மா! நானே கூப்பிடணும்னு இருந்தேன். டீச்சர் சொன்னாங்க. வர்ற ஞாயிறு நீங்க சபை முன்னால சாட்சி சொல்றீங்க. பதினோரு வருஷ ஜெபம்! தம்பியும் பக்கத்துல நிக்கட்டும்."

"ஐயா, அதுல ஒரு விஷயம் இருக்கு. எங்கம்மா இறந்தப்போ..."

"அழுகை வருமேன்னு யோசிக்காதீங்க. அழுதாலும் பரவாயில்ல, அதுவும் சாட்சிதான். எதுவா இருந்தாலும் கர்த்தர் பாத்துப்பாரு." அவருடைய கைப்பேசி அடித்தது. இன்னொரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டே எடுத்துப் பேசினார். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். கர்த்தர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், பிரச்சினையே அதுதான் என்று சொல்ல நினைத்தாள். சொல்லாமல் தலையாட்டிவிட்டு வந்தாள்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. நோட்டை எடுத்து மடியில் வைத்து, டீச்சரின் சட்டத்தை மீறினாள். குடியைக் கோடு போட்டு அடித்தாள். மணிக்கட்டை அடித்தாள். அடக்கத்தை அடிக்கும்போது பஸ் குலுங்கிப் பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போயிற்று. நோட்டில் அடிக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. இத்தனை பேர் காதில் விழுந்ததை எதைக் கொண்டு அடிப்பது? அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம்; சபை அழும், கட்டிப்பிடிக்கும், ஒரு மாதம் பேசும், பிறகு வேறு கதை கிடைத்ததும் மறந்துவிடும். அவர்களைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவருக்கு இருப்பது இரண்டே பிள்ளை. ஏழு வருடமாக அவர் ஒன்றை வெறுத்து, ஒன்றின் கையால் சாப்பிட்டு உயிரோடு இருக்கிறார். அந்தக் கையும் இப்படித்தான் என்று சொல்லிவிட்டால், அவருக்கு மிச்சம் என்ன இருக்கும்? பொய்யைச் சொல்லத் தைரியம் தேவைப்படவில்லை, இரண்டு வார்த்தை போதுமாக இருந்தது. உண்மைக்குத் தைரியமும் வேண்டும், பலமும் வேண்டும். இரண்டுமே அன்றைக்கு அவளிடம் இல்லை. இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய், இறங்கித் திரும்பி நடந்தாள்.

சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. தம்பி விடுதியிலிருந்து விடிந்ததுமே வந்துவிட்டான். மூன்று நாளாக இப்படித்தான். சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சரி செய்தான், அப்பாவின் அழுக்குத் துணியை வாங்கித் துவைத்தான், ஜன்னல் கம்பியைத் துடைத்தான். அப்பாவைத் தொடுகிற வேலை வந்தால் மட்டும் அவர் உறுமுவார். அவன் ஒதுங்கி நிற்பான். அன்றைக்கு மத்தியானம் பாலில் ரொட்டியை ஊறவைத்துக் குழைத்து, கிண்ணத்தை அவனே எடுத்துக்கொண்டு போனான்.

நோட்டக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். அவன் கட்டிலோரத்தில் உட்கார்ந்து கரண்டியை அப்பாவின் உதட்டருகே கொண்டுபோனான். அவர் வாயைத் திறக்கவில்லை. இறுக்கி மூடிக்கொண்டார். பால் மோவாயில் வழிந்தது. அவன் துடைத்துவிட்டு மறுபடி நீட்டினான். மறுபடி வழிந்தது. பெரிய ஆள், நரைத்த தலை, கையில் ஒரு கரண்டி ரொட்டியோடு, கெஞ்சக்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தான். "கொஞ்சம்பா" என்றான். அப்பாவின் கண் அவனைத் தாண்டி இவளிடம் வந்தது. நீ வந்து கொடு என்றது அந்தக் கண். உன் கையால்தான் சாப்பிடுவேன் என்றது. ஆறு வருடமாக அவள் அதற்காகத்தான் உயிரைக் கொடுத்தாள். அந்தப் பார்வைதான் அவளுடைய கூலி, அது மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒத்திகை பார்த்துவைத்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை.

"அப்பா, அவன் கையால சாப்பிடுங்க" என்றாள். "அம்மா செத்ததை நான் அவனுக்குச் சொல்லவே இல்ல. நம்பர் எங்கிட்ட இருந்துச்சு. வேணும்னேதான் சொல்லல. வரமாட்டேன்னு அவன் சொல்லல. நான்தான் சொன்னேன்."

"அக்கா, விடு" என்றான் தம்பி.

"நீ சும்மா இருடா." நிலையை விட்டு ஓர் அடி உள்ளே வந்தாள். "கடைசியா அம்மா அவனைத்தான் கேட்டாங்க. என்னைக் கேக்கல. அதான்."

அதான் என்று சொன்ன பிறகு அது எவ்வளவு சின்னக் காரணம் என்று அவளுக்கே தெரிந்தது. இத்தனை வருடம் தூக்கிச் சுமந்தது இவ்வளவுதானா என்று இருந்தது. அப்பா அவளைப் பார்த்தார். சீக்கிரம் கண்ணை எடுக்கவில்லை. முகத்தின் செத்த பாதி எப்போதும் போல இருந்தது. உயிருள்ள பாதி நடுங்கிற்று. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா, அம்மாவின் பெயரா, தெரியவில்லை. இடது கையை எடுத்தார். அந்தக் கை காற்றில் தடவி, தம்பியின் அரைக்கைச் சட்டையைக் கண்டுபிடித்து, பிடித்துக்கொண்டது. தம்பி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் மார்பில் நெற்றியை வைத்தான். அவன் முதுகு குலுங்குவதை அவள் பார்த்தாள். அந்த அறையில் தனக்கு வேலை இல்லை என்று தெரிந்தது.

அடுப்படித் தரையில் போய் உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கரண்டி கிண்ணத்தில் படுகிற சத்தம் கேட்டது. நிற்கும், மறுபடி கேட்கும். அவனுக்குத் தலையணையைச் சாய்த்து வைக்கத் தெரிந்திருக்குமா, புரை ஏறிவிடுமே என்று எழப்போனாள். எழவில்லை; காது கொடுத்தாள். புரை ஏறவும் இல்லை. அவள் இல்லாமலே எல்லாம் நடந்தது. நிம்மதியாகத்தான் இருந்தது. வலிக்கவும் செய்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அழலாம் என்று பார்த்தாள், அதற்கும் தெம்பு இல்லை. ஆண்டவரிடம் யார் மேலும் புகார் சொல்ல மிச்சமில்லாத முதல் மத்தியானம் அது. ஆண்டவரே, என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள்.

விழித்தபோது மணி நாலு. கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. யாரோ மேலே ஒரு போர்வையைப் போட்டிருந்தார்கள். தம்பி கழுவிய கிண்ணத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"முழுசும் சாப்பிட்டாரு" என்றான்.

"என்னைப் பத்தி..."

"ஒண்ணும் காட்டல." கிண்ணத்தைக் கீழே வைத்தான். "இப்போ முழிச்சுத்தான் இருக்காரு. சாயங்காலத்துக்கும் நான் கொடுக்கட்டுமா?"

அவள் எழுந்து முகத்தைக் கழுவினாள். ரொட்டியைப் பிய்த்துப் பாலில் போட்டுக் குழைத்தாள். சூடு பார்த்தாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தானே உள்ளே போனாள்.

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கட்டிலோரத்தில் உட்கார்ந்து, கழுத்துக்குக் கீழே துணியை விரித்தாள். கை பழக்கத்தில் அதைச் செய்தது. "அப்பா" என்றாள். அவர் கண் அவளிடம் வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பவில்லை, வாயையும் திறக்கவில்லை. அவள் ஒரு கரண்டி எடுத்து அவர் உதட்டருகே கொண்டுபோனாள். மூடியே இருந்தது. வாசலில் தம்பி வந்து நின்றது தெரிந்தது. கரண்டியில் இருந்த பால் விளிம்பில் ஒரு துளி திரண்டு, துணியில் விழுந்தது. கை வலித்தது. அவள் கரண்டியை எடுக்கவில்லை.